மண்ணுக்கடியில் மறைந்த ரேகை

மாணவியரே, மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலை நம் ஊர் ஓடைக்கரையில் நின்று மணலைக் கூர்ந்து பார்த்ததுண்டா? தண்ணீர் வடிந்த இடத்தில், மணலின் மேல் யாரோ மையினால் கோடு கிழித்தது போல மெல்லிய கறுப்பு வரிகள் இருக்கும். ஒரு காந்தத் துண்டைத் தாளில் சுற்றி அந்த வரியின் மேல் நகர்த்துங்கள். கறுப்புப் பொடி மீசைமயிர் போல எழுந்து ஒட்டிக்கொள்ளும். அது அழுக்கு அன்று; இரும்புத் தாது. மேக்னடைட் என்று பெயர்.

இந்தப் பொடி எங்கிருந்து வந்தது? ஓடை எங்கிருந்து வந்ததோ அங்கிருந்துதான். மேலே ஏதோ ஒரு பாறையில் இருந்த மணிகள் வெயிலிலும் மழையிலும் உதிர்ந்து, நீரோடு உருண்டு, கனம் மிகுந்ததால் மற்ற மணலுக்கு முன்பே தங்கிவிட்டன. ஆகவே ஓடையை எதிர்த்து நடந்து, ஒவ்வொரு கிளை சேரும் இடத்திலும் ஒரு பிடி மணலை எடுத்துக் காந்தத்தால் சோதித்துக்கொண்டே போனால், எந்தக் கிளையில் கறுப்பு மிகுதி, எந்தக் கிளையில் குறைவு என்று தெரிந்துவிடும். கறுப்பு திடீரென்று நின்றுபோகும் இடத்தை நீங்கள் தாண்டிவிட்டீர்கள் என்றால், தாய்ப்பாறை உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது! உலகின் பெரிய பெரிய சுரங்கங்கள் பல இப்படித் தொடங்கியவையே. நிலவியலாளரின் முதற் பாடம் இதுதான்.

ஒரு எச்சரிக்கை. வேங்கிக்கால் சாலையோரத்து மணலை எடுத்துச் சோதித்துவிட்டு, "எங்கள் தெருவில் இரும்பு இருக்கிறது" என்று யாரும் வந்து சொல்ல வேண்டா. அந்த மணல் வீடு கட்டுவதற்காக எந்த ஆற்றிலிருந்து எந்த லாரியில் வந்ததோ! மாதிரியை எங்கே எடுத்தோம் என்பது, மாதிரியில் என்ன இருக்கிறது என்பதைவிட முக்கியமானது.

நம் திருவண்ணாமலைக்கு மேற்கே கவுத்திமலை, வேடியப்பன் மலை என்று இரண்டு குன்றுகள் இருப்பதை அறிவீர்கள். அவற்றில் மேக்னடைட்டும் வெண்மையான குவார்ட்ஸும் மாறி மாறி அடுக்கிய பாறை உண்டு. பக்கவாட்டில் பார்த்தால் கறுப்பும் வெளுப்புமாகக் கரை போட்ட துணி போல இருக்கும். சேலத்துக் கஞ்சமலையிலும் இதே இனப் பாறைதான். அத்தகைய பாறையின் அருகே திசைகாட்டியைக் கொண்டுபோனால் முள் வடக்கை மறந்து தடுமாறும். மண் மூடிய இடத்திலும் அது தடுமாறும் என்பதுதான் வியப்பு. கண்ணுக்குத் தெரியாத பாறை முள்ளைப் பிடித்து இழுக்கிறது. நுட்பமான காந்தமானிகளைக் கையில் ஏந்தி, கோடு கோடாக நடந்து, ஒவ்வோர் அடியெடுப்பிலும் எண்ணைக் குறித்து வரைபடம் தீட்டினால், மண்ணுக்கடியில் இரும்புப் பாறை ஓடும் வழி தாளில் எழுந்துவிடும். இன்று இதையே விமானத்திலிருந்தும் செய்கிறார்கள்.

இரும்பு இப்படித் தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் பொன்? அது காந்தத்துக்கு அசையாது; துருப்பிடித்து நிறம் காட்டாது. அதைக் கண்டுபிடிப்பதும், கண்டுபிடித்த சுரங்கத்தின் பக்கத்திலேயே ஒளிந்திருக்கும் அடுத்த ரேகையைக் கண்டுபிடிப்பதும் எப்படி? இதற்கு நமக்கு அயலூர்க் கதை வேண்டியதில்லை. கோலார் தங்கவயல் இருக்கிறது. கருநாடக மாநிலத்தில் இருந்தாலும் அதை நம்மூர் என்றே சொல்லலாம். பழைய வட ஆர்க்காடு மாவட்டத்திலிருந்து எத்தனையோ குடும்பங்கள் பிழைப்பைத் தேடி அங்கே போயின. என் தாயாரின் தந்தையும் போளூர்ப் பக்கத்திலிருந்து போனவர்களில் ஒருவர். இளம் பிராயத்தில் அவர் மடியில் இருந்து கேட்ட சொற்கள் இவை: ஷாஃப்ட், லெவல், ரீஃப். "ரீஃப் தொலைஞ்சு போச்சுன்னா, அதைத் தேடிப் பிடிக்கிற வரைக்கும் மேஸ்திரி முகத்திலே சிரிப்பு இருக்காது" என்பார். கல் எப்படித் தொலையும் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

கோலார் கதையை 1802-ஆம் ஆண்டிலிருந்து சொல்லத் தொடங்குவது வழக்கம். மைசூர் அரசின் கிழக்கு எல்லையை அளக்க வந்த ஜான் வாரன் என்ற அதிகாரி, அங்குள்ள மக்கள் மண்ணை அரித்துப் பொன் எடுப்பதைக் கேள்வியுற்று, நேரில் வரவழைத்துப் பார்த்தார். (இந்த வாரன் பிறப்பால் பிரெஞ்சுக்காரர். பின்னாளில் சென்னை வானாய்வகத்தில் பணியாற்றி, நம் நாட்டுப் பஞ்சாங்கக் கணக்குகளை ஆராய்ந்து "கால சங்கலித" என்ற பெரிய நூலை எழுதியவர். மண்ணையும் விண்ணையும் பார்த்த மனிதர்!) நம் வீட்டில் அரிசி களையும்போது கல் அரிக்கிறோமே, அதே வித்தைதான் பொன் அரிப்பதும். கனமானது அடியில் தங்கும், லேசானது நீரோடு போகும். நாம் கல்லைத் தள்ளிவிட்டு அரிசியை வைத்துக்கொள்கிறோம். அவர்கள் மேலே போவதை விட்டுவிட்டு அடியில் தங்குவதை வைத்துக்கொண்டார்கள். குவார்ட்ஸின் அடர்த்தி 2.65, பொன்னின் அடர்த்தி 19.3. ஏழு மடங்கு வித்தியாசம்.

மண்ணில் பொன் இருந்தால் பாறையில் இருக்க வேண்டும். அதோடு அங்கே முன்னோர் தோண்டிய பழங்குழிகளும் நிறைய இருந்தன. 1870-களில் மைக்கேல் லவெல் என்ற ஓய்வுபெற்ற ஐரிஷ் போர்வீரர் மைசூர் அரசிடம் தோண்டும் உரிமை கேட்டுப் பெற்றார். பிறகு 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தது. பங்குதாரர்கள் பணம் போட்டார்கள், குழிகள் தோண்டினார்கள், தங்கம் கிடைக்கவில்லை. பணம் ஏறக்குறைய தீர்ந்து, விட்டுவிட்டுப் போய்விடலாமா என்ற நிலைமை. அப்போது ப்ளம்மர் என்னும் சுரங்கக் கேப்டன், புதிய இடங்களைக் கிளறுவதை விட்டு, பழங்குழிகளுக்கு நேர் அடியிலேயே போகலாம் என்று இறங்கினார். பண்டைக்காலத்தவர் சில நூறு அடியோடு நின்றுவிட்ட இடத்துக்குக் கீழே, தொடாத வளத்தோடு ரேகை ஓடிக்கொண்டிருந்தது. அதுதான் பின்னர் உலகப் புகழ் பெற்ற சாம்பியன் ரீஃப். 1880-களின் நடுவே நடந்தது இது.

இதில் எனக்குப் பிடித்த செய்தி, பெயர் தெரியாத அந்தப் பழைய சுரங்கக்காரர்களின் அறிவு. வரைபடம் இல்லை, காந்தமானி இல்லை, வெடிமருந்து இல்லை. பாறையைத் தீ மூட்டிச் சூடாக்கி, நீர் ஊற்றிப் பிளந்து, உளியால் கொத்தி இறங்கியவர்கள். ராய்ச்சூர் மாவட்டத்து ஹட்டி சுரங்கத்தில் அவர்கள் ஏறக்குறைய 195 மீட்டர் ஆழம் வரை போயிருக்கிறார்கள். அங்கே கிடைத்த பழைய மரத்துண்டுகளைக் கதிரியக்கக் கார்பன் முறையில் சோதித்தபோது, ஏறத்தாழ 2000 ஆண்டுப் பழமை தெரிந்தது. அவர்கள் குழி தோண்டிய இடம் எதுவும் வீண் இல்லை என்பதை இன்றைய நிலவியலாளர் நன்கறிவர். ராஜஸ்தானத்தில் ராம்புரா ஆகுச்சா என்ற இடத்தில் 1977-ஆம் ஆண்டு மாபெரும் துத்தநாகப் படிவு கண்டுபிடிக்கப்பட்டதற்கும் பழங்காலத்துக் கசடுக் குவியல்களும் துருவேறிய மேற்பாறையும் துணை நின்றன. சல்பைடு தாதுக்கள் மேலே காற்றும் நீரும் பட்டு இரும்புத் துருவாக மாறி, அடியில் உள்ள செல்வத்துக்குத் தொப்பி போட்டது போல் கிடக்கும். அந்தத் துருத் தொப்பியைக் கண்டால் நிலவியலாளர் நின்றுவிடுவார்.

சரி, ரேகை என்பதென்ன? நம் வயல்வரப்புகளில் வெள்ளை வெளேரென்று வெங்கச்சங்கல் கிடக்கக் காண்கிறோம். பாறையில் விழுந்த நீண்ட பிளவில், ஆழத்திலிருந்து வந்த வெந்நீர் ஊறிச் சென்று, தான் கரைத்து வைத்திருந்த சிலிக்காவைப் படியவிட்டால் அது வெங்கச்சங்கல், அதாவது குவார்ட்ஸ். அந்த வெந்நீரில் கந்தகத்தோடு இணைந்து சிறிதளவு பொன்னும் கரைந்திருந்தால், அழுத்தம் குறையும் இடத்தில் அதுவும் படியும். இன்னொரு வழியும் உண்டு. அந்த நீர் இரும்பு மிகுந்த பாறையின் ஊடே செல்லும்போது, இரும்பு கந்தகத்தைப் பறித்துக்கொண்டு பைரைட் போன்ற சல்பைடாகிவிடும். துணையை இழந்த பொன் கரைந்திருக்க முடியாமல் அங்கேயே உதிர்ந்துவிடும். ரசாயனப் பாடத்தில் வீழ்படிவு என்று படித்தது இதுதான். கோலார் பகுதியின் கரும்பச்சைப் பாறைகள், ஏறத்தாழ 270 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பாக வெளிவந்து பின் உருமாறியவை. இரும்பு நிறைந்தவை. வடக்கு தெற்காக ஏறக்குறைய 80 கிலோமீட்டர் நீளம், ஆனால் சில கிலோமீட்டர் அகலமே உள்ள ஒரு நாடா போல அவை கிடக்கின்றன. இரு புறமும் கருங்கல் வகைப் பாறைகள். ஆகவே பொன்னைத் தேடுபவர் அந்த நாடாவை விட்டு வெளியே போகமாட்டார். தேடும் நிலம் ஒரேயடியாகச் சுருங்கிவிட்டதல்லவா?

எல்லா வெங்கச்சங்கல்லிலும் பொன் உண்டா என்று கேட்பீர்கள். இல்லை, நூற்றில் ஒன்றில்கூட இராது. உள்ள இடத்திலும் கண்ணுக்குத் தெரியாது. ஒரு டன் பாறையில் 5 கிராம் பொன் இருந்தால் அது நல்ல தாது. 100 கிலோ அரிசி மூட்டையில் இருபத்தைந்து மணி அரிசிக்கு மட்டும் மஞ்சள் பூசிக் கலந்துவிட்டால் எப்படியோ அப்படி! உங்கள் வீட்டில் ஒரு சவரன் சங்கிலி இருந்தால், 8 கிராமுக்கு இந்தக் கணக்கில் 1,600 கிலோ பாறையை உடைத்துப் பொடியாக்க வேண்டியிருந்திருக்கும். கோலாரில் முதற்காலத்தில் டன்னுக்கு 40 கிராமுக்கு மேலும் கிடைத்தது. கடைசிக் காலத்தில் அது 3 கிராம் அளவுக்கு இறங்கிவிட்டது.

கண்ணால் காணாததை எப்படி அளப்பது? சுரங்கத்தினுள் ரேகையின் குறுக்கே, சில அடிக்கு ஒன்றாக, ஒரே அகலத்தில் வாய்க்கால் போலக் கொத்தி, விழும் துகள் முழுவதையும் பையில் சேகரிப்பார்கள். நன்றாக மின்னும் துண்டை மட்டும் எடுத்துப் போடுவது பெருங்குற்றம். பிறகு அந்தப் பொடியை ஈய ஆக்சைடோடும் இளக்கிகளோடும் சேர்த்து உருக்குவார்கள். உருகிய ஈயம், பாறைப் பொடியில் இருக்கும் பொன்னையெல்லாம் தன்னுள் இழுத்துக்கொண்டு அடியில் உருண்டையாகத் தங்கும். அந்த உருண்டையை எலும்புச் சாம்பலில் செய்த சிறு கிண்ணத்தில் வைத்து மீண்டும் சூடேற்றினால், ஈயம் ஆக்சைடாகிச் சாம்பலில் உறிஞ்சப்பட்டுவிடும். கடுகிலும் சிறிய பொன்மணி ஒன்று மிஞ்சும். அதை நுண்தராசில் நிறுத்தால் கணக்குத் தெரியும். பத்தர்கள் புடம் போடுவதும் இதற்கு உறவுதான்.

இப்படிப் பெற்ற எண்களையெல்லாம் சுரங்க வரைபடத்தில் அந்தந்த இடத்தில் எழுதி வண்ணம் தீட்டினால் ஓர் உண்மை வெளிப்படும். ரேகை முழுவதும் பொன் ஒரே சீராக இல்லை. பலாப்பழத்தைப் பிளந்தால் சுளையும் சக்கையுமாக இருப்பது போல, வளமான பகுதிகளும் வெற்றுக்கல் பகுதிகளும் மாறி மாறி வருகின்றன. சுளைகளும் தாறுமாறாகக் கிடப்பதில்லை. பாறை மடிந்த இடம், பிளவு வளைந்து சற்றே வாய் திறந்த இடம், இரண்டு பிளவுகள் கூடிய இடம் என்று காரணத்தோடு கிடக்கின்றன. பெரும்பாலும் ஒரே பக்கமாகச் சாய்ந்த தூண்கள் போல் ஆழத்துக்கு இறங்குகின்றன. அறிந்த மூன்று தூண்களும் ஒரே மாதிரி சாய்ந்திருந்தால், நான்காவது எங்கே இருக்கக்கூடும் என்று தாளிலேயே புள்ளி வைக்கலாம். கோலாரின் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் மடிப்புகள் இருந்த பகுதியிலேதான் மிக வளமான தாது கிடைத்தது. "மறைந்த படிவைச் சுரங்கத்தின் அருகே தேடு" என்பதன் பொருள் இதுவே. ஏற்கெனவே தோண்டிய ஒவ்வோர் அடியும் அடுத்த அடிக்குச் சாட்சி சொல்கிறது.

இனி, கல் தொலைந்துபோகும் கதைக்கு வருவோம். ரேகையைப் பின்தொடர்ந்து தோண்டிக்கொண்டே போகிறார்கள். திடீரென்று ஒரு வழவழப்பான சுவர். அதற்கப்பால் ரேகை இல்லை, வேறு பாறை. ரேகை முடிந்துவிட்டதா? இல்லை. ரேகை உண்டான பின்னர் ஏதோ ஒரு காலத்தில் நிலம் அந்த இடத்தில் அறுந்து, ஒரு பாதி மேலோ கீழோ பக்கவாட்டிலோ நகர்ந்துவிட்டது. நிலவியலில் இதைப் பிளவுப்பெயர்ச்சி என்பார்கள்.

கரை போட்ட துணியை நினைத்துப் பாருங்கள். சிவப்புக் கரை, அதன் கீழே பச்சைக் கோடு, அதற்கும் கீழே மஞ்சள். துணியைக் குறுக்கே கத்தரித்து, அவசரத்தில் நான்கு விரற்கடை ஏற்றித் தைத்துவிட்டீர்கள். தையலுக்கு இந்தப் பக்கம் சிவப்புக் கரை வந்து முட்டுகிறது. அந்தப் பக்கம் பார்த்தால் மஞ்சள். மஞ்சள் சிவப்புக்குக் கீழே இருக்க வேண்டியது. அது சிவப்பின் மட்டத்துக்கு ஏறியிருக்கிறது என்றால் சிவப்பு இன்னும் மேலே போயிருக்கிறது. மேலே பார், கீழே தேடாதே! நிலவியலாளர் செய்வதும் இதையே. ரேகைக்கு அருகே எந்தப் பாறை, அதற்கடுத்து எந்தப் பாறை என்று வரிசையை முன்பே எழுதி வைத்திருப்பார். கோலாரில் இரும்புக் கோடுகள் கொண்ட பாறை அடுக்கு இத்தகைய அடையாளக் கோடாக உதவியது. சுவருக்கப்பால் எந்தப் பாறை தென்படுகிறது என்று கண்டால், ரேகை எந்தப் பக்கம் எவ்வளவு போயிருக்கும் என்று கணிக்க இயலும். பிளவுச் சுவரில் கீறல்கள் இருந்தால் அவையும் நகர்ந்த திசையைச் சொல்லும். வரிசையை எழுதி வைக்காத சுரங்கத்தில் ரேகை தொலைந்தால் தொலைந்ததுதான். தாத்தா சொன்ன மேஸ்திரியின் முகம் எனக்கு இப்போது விளங்குகிறது.

ரேகை எங்கே என்று கணித்தபின், துளை போட்டுப் பார்க்க வேண்டும். இதற்குப் பத்தாம் வகுப்புக் கணக்குப் போதும். ஒரு ரேகை மேற்பரப்பில் தெரிகிறது. மேற்கு நோக்கி 60 பாகை சாய்ந்து இறங்குகிறது. ரேகையிலிருந்து மேற்கே 50 மீட்டர் தள்ளி நேர் கீழே துளைத்தால் எத்தனை மீட்டரில் சந்திக்கலாம்? ஐம்பதை 60 பாகையின் டேன்ஜென்ட்டால் பெருக்குங்கள். 86.6 மீட்டர். வைரம் பதித்த முனையுள்ள குழாய் சுழன்று இறங்கி, பாறையை நீண்ட தண்டு போல அறுத்து மேலே கொண்டுவரும். அந்தத் தண்டில் குவார்ட்ஸ் 4 மீட்டர் நீளம் இருந்தால் ரேகையின் தடிப்பு 4 மீட்டர் என்று மகிழ்ந்துவிடாதீர்கள். சாய்ந்த ரேகையை நேர்க்கோட்டில் வெட்டியிருக்கிறோம். வாழைக்காயைச் சாய்த்து நறுக்கினால் வில்லை பெரிதாகத் தெரிவதில்லையா? உண்மைத் தடிப்பு 4 பெருக்கல் 60 பாகையின் கொசைன், அதாவது 2 மீட்டர்தான்.

கோலாரில் இந்தக் கணக்கும் ஓரளவுக்கே செல்லும். ஏனெனில் அங்கே ரேகை மேற்பரப்பின் அருகே மேற்காகச் சாய்ந்திருந்து, ஆழம் போகப் போக ஏறக்குறைய செங்குத்தாகிவிடுகிறது. ஒரே கோணம் என்று நம்பித் துளைத்தவர் ஏமாந்து போவார். ஆதலால் ஒரு துளையோடு நில்லாமல், சுரங்கத்தினுள் ஓரிடத்தில் கருவியை நிறுத்தி விசிறி விரித்தாற்போல் பல திசைகளில் துளைப்பார்கள். எதுவும் கிடைக்காத துளை வீண் துளை என்று கணக்குப் பிள்ளை எழுதக்கூடும். நிலவியலாளர் அப்படி எழுதமாட்டார். ரேகை எங்கே இல்லை என்பதை அது சொல்லிவிட்டது. அதோடு தண்டில் வந்த பாறையில் புதிதாக அபிரகம் மிகுந்திருந்தால், வெந்நீர் இந்தப் பக்கமாக நடமாடியிருக்கிறது, ரேகை தூரத்தில் இல்லை என்றும் அறியலாம். மல்லிகைப் பந்தல் கண்ணில் படுமுன் மணம் வருவது போல, தாதுவைச் சுற்றியுள்ள பாறை சிறிது தூரம் வரை நிறமும் கனிமமும் மாறியிருக்கும். ஆர்செனிக் போன்ற தனிமங்கள் பொன்னைவிட அகலமாகப் பரவியிருக்கும். பொன்னைத் தேடுபவர் மண்ணில் ஆர்செனிக்கை அளப்பது இதனால்தான். பொன் இருப்பதை மின்சாரம் காட்டாது. ஆனால் பொன்னோடு கூட இருக்கும் சல்பைடு தாதுக்கள் மின்சாரத்தை எளிதில் கடத்தும். தரையில் கம்பிகள் நட்டு மின்சாரம் செலுத்தி அளந்தால் அவை இருக்கும் இடம் புலப்படும்.

கோலார் நாடா தெற்கே ஆந்திரத்துச் சித்தூர் மாவட்டத்தில் புகுந்து, நம் கிருஷ்ணகிரி மாவட்டத்து எல்லை வரை வருகிறது. அந்தத் தென்பகுதியிலும் பழங்குழிகள் உண்டு. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையினர் அவற்றைப் பின்பற்றி வரைபடம் தீட்டி, துளையிட்டுப் பார்த்தார்கள். பிசநத்தம், சிகர்குண்டா ஆகிய இடங்களில் சுரங்கமும் நடந்தது. தாய்ச் சுரங்கத்தின் பாறையை அறிந்தவர்களுக்கே பிள்ளைச் சுரங்கத்தின் முகம் தெரியும்.

ஆயினும் கண்டுபிடிப்பதற்கும் ஒரு முடிவு உண்டு. 1902-இல் சிவசமுத்திரத்து நீர்மின்சாரம் வந்தது தங்கவயலுக்காகத்தான். ஏறத்தாழ 800 டன் பொன் அங்கிருந்து வெளிவந்தது. குழி சுமார் 3.2 கிலோமீட்டர் ஆழம் சென்றது. அவ்வளவு ஆழத்தில் பாறையே 60 பாகை செல்சியஸுக்கு மேல் கொதிக்கும். குளிர்காற்றைச் செலுத்தாமல் மனிதர் நிற்க இயலாது. மேலே உள்ள மலைச்சுமையால் பாறை வெடித்துச் சிதறுவதும் உண்டு. (அந்த ஆழத்தின் அமைதியைப் பயன்படுத்தி 1965-இல் விஞ்ஞானிகள் நியூட்ரினோ என்னும் நுண்துகளை அங்கே பதிவு செய்தார்கள். பொன்னுக்காகத் தோண்டிய குழியில் விண்ணிலிருந்து வந்த துகள்!) கீழே இன்னும் ரேகை இருந்தது. ஆனால் ஒரு கிராம் எடுக்க ஆகும் செலவு அதன் விலையைத் தாண்டிவிட்டது. 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. தாது என்ற சொல்லுக்கு நிலவியலாளர் தரும் இலக்கணமே, லாபத்தோடு எடுக்கக்கூடிய கனிமம் என்பதாகும். விலை மாறினால் வெறும் கல் தாதுவாகும். தாது வெறும் கல்லாகும். ஆயிரக்கணக்கான குடும்பங்களின் அடுப்பு இந்த இலக்கணத்தின் மேல் எரிந்துகொண்டிருந்தது. இன்றும் அவ்வூரிலிருந்து விடியுமுன் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவில் திரும்புவோர் ஏராளம். மூடிய குழிகளின் பக்கத்தில் சயனைடு மேடுகள் என்று அழைக்கப்படும் சாம்பல்நிறக் குன்றுகள் நிற்கின்றன. தாதுவை அரைத்துப் பொன்னைப் பிரித்தபின் கொட்டிய மண். அதில் இன்னும் மிச்சம் பொன் உண்டு.

இவ்வளவையும் படித்துவிட்டு, "இதெல்லாம் ஆண்கள் வேலைதானே, டீச்சர்?" என்று கேட்கும் மாணவி எங்கள் வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறாள். அவளிடம் குற்றமில்லை. 1952-ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டம் பெண்களை நிலத்தடிச் சுரங்க வேலையில் அமர்த்தக் கூடாதென்று தடுத்திருந்தது. 2019-ஆம் ஆண்டில்தான் மத்திய அரசு, தொழில்நுட்ப, மேற்பார்வைப் பணிகளுக்குச் சில நிபந்தனைகளோடு பெண்கள் பகல் நேரத்தில் நிலத்தடியில் இறங்க வழி திறந்தது. அதற்குப் பின் பெண் பொறியாளர்கள் சுரங்கங்களில் பணியேற்றிருக்கிறார்கள். ஆனால் பாறையைப் படிக்கும் வேலைக்கு அதற்கு முன்பே பெண்கள் வந்துவிட்டனர். பாறை மடிப்புகளை ஆராய்வதில் வல்லவரான சுதீப்தா சென்குப்தா, 1983-இல் அண்டார்க்டிகாவுக்குச் சென்ற இந்திய ஆய்வுக் குழுவில் இருந்தார். அவரும் அதிதி பந்த்தும்தான் அந்தக் கண்டத்தில் கால் வைத்த முதல் இந்தியப் பெண் விஞ்ஞானிகள். சென்னை மாநிலக் கல்லூரியிலும் சேலம் அரசு கலைக் கல்லூரியிலும் நிலவியல் பட்டப்படிப்பு உண்டு. முதுகலை முடித்தபின் மத்தியத் தேர்வாணையம் நடத்தும் நிலவியல் விஞ்ஞானிகள் தேர்வை எழுதினால், இந்திய நிலவியல் ஆய்வுத் துறையிலேயே சேரலாம். பன்னிரண்டாம் வகுப்பில் கணிதத்தையும் இயற்பியலையும் கைவிடாதிருந்தால் நல்லது. கால்நடையும் வெயிலும் பழகியிருந்தால் இன்னும் நல்லது!

கடைசியாக நம் கவுத்திமலைக்குத் திரும்புவோம். அங்கே இரும்பு இருப்பது நெடுநாளாகத் தெரிந்த செய்தி. பாறையில் இரும்பின் பங்கு நூற்றுக்கு நாற்பதை எட்டுவது அரிது. அப்படியே உலையில் இட முடியாது. அரைத்துக் காந்தத்தால் பிரித்தெடுக்க வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் அங்கே சுரங்கம் தோண்டும் திட்டம் வந்தபோது, 2008-இன் இறுதியில் மக்களின் கருத்துக் கேட்கும் கூட்டம் நடந்தது. மலையடிக் கிராமத்தார் திரளாக எதிர்த்தனர். காடு போகும், மலையிலிருந்து இறங்கும் நீர் போகும், வேடியப்பன் கோயில் என்னாவது என்று கேட்டனர். வேலை கிடைக்குமே என்று நினைத்தவர்களும் இருந்தார்கள். உச்சநீதிமன்றம் அமைத்த குழு வரை விவகாரம் சென்றது. சுரங்கம் தோண்டப்படவில்லை.

நிலவியல் வரைபடம் இவ்விடத்தில் இத்தனை தடிப்பில் தாது உண்டு என்று சொல்லும். தோண்டலாமா என்பதை அது சொல்லாது. அந்தக் கேள்விக்கு ஓடையின் வரைபடம், கிணறுகளின் நீர்மட்டம், காட்டின் கணக்கு, குடிகளின் கணக்கு என்று வேறு பல தாள்களையும் பக்கத்தில் விரிக்க வேண்டும். ஓடை எங்கே தொடங்கி யாருடைய வயலுக்குப் போகிறது என்று எழுதி வைப்பதும் அதே நிலவியலாளரின் நோட்டுப் புத்தகம்தான்.

வரும் மழைக்காலத்தில் உங்களுக்கு ஒரு வேலை. ஊருக்கு வெளியே, லாரி மணல் கலவாத ஓடை ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பெரியவர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொள்ளுங்கள். நீர் ஓடும்போது இறங்க வேண்டா. மூன்று இடங்களில் ஒரே அளவு டம்ளரால் மணல் எடுத்து, உலர்த்தி, காந்தத்தால் கறுப்புப் பொடியைப் பிரித்து, பொட்டலத்தின் மேல் இடம், நாள், உங்கள் பெயர், வகுப்பு ஆகியவற்றை எழுதி விஞ்ஞானக் கூடத்தில் கொடுங்கள். மூன்றில் எது கனமாக இருக்கிறது என்று தராசில் பார்ப்போம். இடத்தின் பெயர் எழுதாத பொட்டலத்தை வாங்கமாட்டேன்.